நாற்பத்து மூன்று லட்சுமிகள்

ஏழாம் நம்பர் அக்காவுக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும்; வரிசை மாறினால் குற்றவாளி மாறிவிடுவான். முதலாவது, சந்திரவிலாஸ் மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் பதினாறு வயதிலிருந்து அவளை எட்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள், உட்கார ஒரு முக்காலி கேட்டபோது, நீ உட்கார்ந்தால் நூல் தூங்கிவிடும் என்றார் மேஸ்திரி. இரண்டாவது, பொங்கலுக்கு ஊருக்குப் போய் வருகிறேன் என்று பஸ் ஏறிய புருஷன் எந்தப் பொங்கலுக்கும் திரும்பி வரவில்லை. மூன்றாவது, எழுபத்தொன்பதாம் வருஷத்து வேலைநிறுத்தத்தில் மில் கேட்டை மறித்துப் பதினொரு நாள் ஜெயிலில் இருந்த நாற்பத்து மூன்று பெண்களில் நாற்பத்திரண்டு பேரை மில் திரும்ப எடுத்துக்கொண்டது, இவளை எடுத்துக்கொள்ளவில்லை. நான்காவது, அதற்குப் பிறகு கழிவுப் பஞ்சு பொறுக்கியே மில் தொழிலாளர்களின் லைன் வீட்டில் நாற்பத்தைந்து வருஷம் கழித்தாள், அத்தனை வருஷத்தில் அவள் வீட்டுப் படியில் பேச்சுக்கென்று ஒருவரும் வந்து உட்காரவில்லை. ஐந்தாவது, முதுமையையும் தனிமையையும் பற்றிப் படமெடுக்கச் சென்னையிலிருந்து வந்தவர்கள், லைனில் நிஜமாகவே தனியாகக் கிழடு தட்டிக்கொண்டிருந்த முப்பத்தொரு பேரையும் தாண்டிப் போய் ஒரு நடிகருக்கு நரை பூசி உட்கார வைத்துவிட்டு, இவளிடம், "பாட்டி, குடத்தை எடுத்துக்கிட்டு சார் பின்னாடி நடந்து போங்க, கேமராவைப் பார்க்காதீங்க" என்றார்கள், அவளும் பார்க்காமல் நடந்தாள், ஒன்பது விநாடி.

ஆறாவது அநியாயத்தைச் செய்தது லைன் ஜனம் முழுவதும். லைன் குழாயடியில் ஆள் நிற்பதில்லை, குடம் நிற்கும்; பின்னால் இருப்பவர் முன்னால் இருக்கும் குடத்தையும் சேர்த்து நகர்த்திக்கொண்டே வருவார், குடத்துக்காரர் வராவிட்டால் நிரப்பி அவர் வாசலில் கொண்டுபோய் வைப்பார், அது சந்திரவிலாஸ் லைனின் ஒழுங்கு, வெளியாரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிற ஒழுங்கு. ஒரு திங்கட்கிழமை அவள் தன் பச்சைக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். குடம் நகர்ந்தது, நிரம்பியது, வாசலுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை அந்த வழியே போனவர்கள் குடம் நிறைந்திருப்பதைப் பார்த்து, அக்காவுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று நிம்மதியாகப் போனார்கள். புதன்கிழமையும் குடம் நிறைந்துதான் இருந்தது. வியாழக்கிழமை எட்டாம் நம்பர் பேபி குனிந்து பார்த்தாள், தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது, அப்புறம்தான் கதவைத் தள்ளினாள்; அக்கா செத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் படம் குமரவேல் டாக்கீஸுக்கு வந்தது. லைனுக்கு எதிர்ச் சாரியில் இருந்த டாக்கீஸ் அது. தங்கள் சுவரும் தங்கள் சாக்கடையும் வெள்ளித்திரையில் எப்படி இருக்கிறதென்று பார்க்க லைனே திரண்டு போனது. நரை பூசிய நடிகர் ஒற்றைத் தட்டைக் கழுவினார், ஒற்றைப் போர்வையை மடித்தார், படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். ஒன்பது விநாடி வந்தது. ஏழாம் நம்பர் அக்கா இடதுபக்கத்திலிருந்து பச்சைக் குடத்தோடு வந்தாள், நடிகருக்குப் பின்னால் நடந்தாள், வலதுபக்கமாக வெளியே போக வேண்டியவள் போகாமல் குடத்தை இறக்கி வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, படியின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

டாக்கீஸில் யாரும் கத்தவில்லை.

"அக்கா உக்காந்துட்டா" என்றாள் பேபி.

"கால் வலிச்சிருக்கும்" என்றார் பக்கத்தில் இருந்த மாணிக்கவேலு, மில்லின் பழைய வாட்ச்மேன். "நின்னே பழகின காலு."

மாலைக் காட்சியில் அவள் எழுந்து நடிகரின் வீட்டுக்குள்ளேயே போய்விட்டாள். அவர் சமைக்கும்போது அடுப்போரம் நின்றாள், அவர் மாத்திரை விழுங்கும்போது ஜன்னலோரம் நின்றாள், படத்தின் உயிரான இடமென்று பத்திரிகைகள் எழுதிய இடத்தில், அவர் சுவரைப் பார்த்து, "எனக்குன்னு இந்த உலகத்துல யாருமே இல்லை" என்று குரல் உடைந்து அழுதபோது, அவருக்கு இரண்டடி பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் திரும்பித்தான் பாரேய்யா" என்றது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

வேறு எந்த ஊரிலும் இப்படி இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். எல்லா ஊரிலும் ஒன்பது விநாடியில் போய்விடுகிறாள், இங்கே மட்டும் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஊர் இதுதானே, இங்கேதானே இருப்பாள் என்று அதையும் ஒத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை முதல் பெண்கள் தூக்குப் போசியில் சோறு கட்டிக்கொண்டு காலைக் காட்சிக்கே வந்து, திரைக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, குழாயில் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது, உன் வீட்டில் ஒடிசாக்காரர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், உன் பூனை எங்கள் வீட்டில்தான் குட்டி போட்டது என்று அவள் இல்லாத மூன்று மாதத்தின் சேதிகளை ஒன்று விடாமல் சொன்னார்கள், அவள் கீரை ஆய்வதை நிறுத்திக் கேட்டாள். ரேஷன் கடைக்காரர் அவள் கார்டை ரத்து செய்யும் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார்; கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளை இல்லையென்று நான் எப்படிங்க எழுதுவது என்றார். டாக்கீஸ் முதலாளி ஜெயபால் திரையைப் பார்த்து ஒரு மின்விசிறியைத் திருப்பி வைத்தார், அன்று மாலையே அவள் நெற்றி முடி காற்றில் அசைந்தது.

லைனில் தனியாகக் கிடந்த முப்பது கிழடுகளும் மேட்னிக்கு வரத் தொடங்கின. முதல் நாள், அவரவர் பழக்கப்படி, ஆளுக்கு ஆள் ஒரு ஸீட்டு விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இடையில் இருந்த ஸீட்டுகள் மறைந்துவிட்டன, ஒருவர் போசியில் இன்னொருவர் கை போனது, யாருக்கு எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். பத்தொன்பதாம் நம்பர் சென்னியப்பன், வயது எழுபத்தாறு, மில் இருந்த காலத்தில் சங்கத்தின் செயலாளர், மில் போய் இருபத்தெட்டு வருஷம் ஆகியும் லைனுக்கு அவர் செகரட்டரிதான். மனைவி போய்விட்டாள், மகள் மஸ்கட்டில். பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பும், துண்டறிக்கைகளில் மிச்சமும் படித்தவர். அச்சகத்து மை காயாத காகிதத்தை முகர்ந்து பார்த்தே அது யார் எழுதிய அறிக்கை என்று சொல்லக்கூடியவர் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். இந்த ஜனத்தை ஓரிடத்தில் சேர்ந்து உட்கார வைக்க நாற்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன், ஒரு கிழவி கீரை ஆய்ந்தே சேர்த்துவிட்டாள் என்று கசப்போடு நினைத்துக்கொண்டார். உயிரோடு இருந்தபோது குடத்தைத் தள்ளிவிட்டுப் போனவர்கள்தானே நீங்கள் என்று எழுந்து கேட்கவும் நினைத்தார். கேட்கவில்லை. அவள் திரையிலிருந்து எல்லோரையும் ஒருமுறையாவது பார்த்திருந்தாள், கடைசி வரிசையை மட்டும் பார்க்கவில்லை.

ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் ஒன்று நடந்தது. படம் முடிந்து பெயர்கள் கீழிருந்து மேலே ஏறத் தொடங்கியதும், அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரையின் ஓரத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்ப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் பேபி எழுந்து நின்று அவளுக்காக உரக்கப் படிப்பாள்: நடித்தவர் பெயர், ஒளி வைத்தவர் பெயர், குடை பிடித்தவர் பெயர், டீ கொண்டுவந்தவர் பெயர், படத்தில் இரண்டு தரம் குரைத்த நாயின் பெயர். கடைசி எழுத்து மேலே போன பிறகும் அவள் கொஞ்சம் நிற்பாள். பிறகு குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் முழுவதையும் கீழே கொட்டிவிட்டு, வெறும் குடத்தோடு நடந்து போவாள். மறு காட்சியில் மறுபடி நிறைகுடத்தோடு வருவாள்.

"நாய்க்குப் பேர் போட்டிருக்கறான்" என்றார் மாணிக்கவேலு. "ரோஸியாம்."

இதற்குமேல் யாரும் விளக்கத் தேவையில்லை. சென்னியப்பன் வீட்டுக்குப் போய், பல வருஷம் தொடாத பேனாவை உதறி, இயக்குநருக்கு ஒரு கோரிக்கை எழுதினார், உழைத்தவரின் பெயரை மறைப்பது உழைப்பைத் திருடுவதே என்று முதல் வரியில் போட்டார், எழுதி முடித்தபோது முப்பது வயசு திரும்பியது போலிருந்தது. இயக்குநர் நல்ல மனிதர். சேர்த்துவிடலாம், பெயர் என்ன என்று கேட்டார். பேபி வீட்டில் இருந்த அக்காவின் ஆதார் அட்டையைப் படம் பிடித்து அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை மேட்னிக்குப் புதிய பெயர்ப் பட்டியலே வந்துவிட்டது.

"குடம் சுமக்கும் பாட்டியாக, லட்சுமி" என்று பேபி கத்திப் படித்தாள். டாக்கீஸே கை தட்டியது.

அக்கா அசையவில்லை. அடுத்த பெயருக்காகக் காத்திருப்பவள் போல அண்ணாந்தே நின்றாள், நாயின் பெயரும் போன பிறகு குடத்தைச் சாய்த்துக் கொட்டினாள்.

"கார்டுல அப்படித்தானே இருக்குது" என்றாள் பேபி, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "என்னுங் செகரட்டரி, லட்சுமிதானுங்களே?"

எல்லோரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியப்பன் செருப்பைத் தேடினார்.

"எத்தனை நாள் ஓட்டுவீங்க?" என்று ஜெயபாலைக் கேட்டார்.

"வியாழக்கிழமை மேட்னியோட எடுத்தர்றனுங். வெள்ளிக்கிழமை வேற படம்."

"எடுத்தா அவ எங்க போவா?"

"அது எனக்கெப்படித் தெரியுங்க. படத்தோட வந்தாங்க, படத்தோட போவாங்களாட்டத்தான் இருக்குது."

சென்னியப்பனுக்குத் தெரிந்ததும் வேறு யாருக்கும் தெரியாததும் இதுதான். எழுபத்தொன்பதில் கேட்டை மறிக்கப் போன பெண்களிடம், போலீஸ் பெயர் கேட்டால் எல்லோரும் லட்சுமி என்றே சொல்லுங்கள், எந்த லட்சுமி எந்த டோக்கன் நம்பர் என்று நிர்வாகம் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். நாற்பத்து மூன்று லட்சுமிகள் மீது வழக்குப் போடுங்கள் பார்ப்போம் என்று அவர் எழுதிய துண்டறிக்கை அன்று கோயமுத்தூர் முழுக்கப் பறந்தது. ஜெயிலில் இருந்து வந்த பிறகுதான் தெரிந்தது, நிர்வாகம் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை, ரீலிங்கில் வேலைக்கு வராத எல்லோரையும் மொத்தமாக நீக்கிவிட்டது. சமரசம் வந்தபோது, ஜெயிலுக்குப் போனவள் இன்னாள்தான் என்று யாராவது சாட்சி சொன்னால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நாற்பத்திரண்டு பேருக்கு அப்பனோ புருஷனோ அண்ணன் தம்பியோ வந்து சொன்னார்கள். இவளுக்கு ஒருவரும் இல்லை, சங்கம்தான் கடிதம் கொடுக்க வேண்டும். அவள் சங்க ஆபீஸில் அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் அப்போது ஒரு மாநாட்டுத் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், தோழர் லட்சுமி என்று கடிதம் எழுதி, மடித்து, கையில் கொடுத்து, "போங்க, எல்லாம் சரியாயிரும்" என்றார். டோக்கன் இருநூற்றுப் பதினான்கில் லட்சுமி என்று யாரும் இல்லை என்று நிர்வாகம் திருப்பி அனுப்பியது. அவள் கடிதத்தோடு திரும்ப வந்த அன்று அவர் திருப்பூரில் கூட்டம் பேசிக்கொண்டிருந்தார். கெடு முடிந்தது. அவளிடம் மிஞ்சிய ஒரே காகிதம் லட்சுமி என்று எழுதிய ஜெயில் விடுதலைச் சீட்டு. அதைக் காட்டி ரேஷன் கார்டு வந்தது, ரேஷன் கார்டைக் காட்டி வாக்காளர் அட்டை வந்தது, வாக்காளர் அட்டையைக் காட்டி ஆதார் வந்தது, அவருடைய தந்திரம் அவள் மேல் வேர் விட்டு, மரமாகி, அவளை மூடிவிட்டது. மில்லின் பதிவேடுகள் மில் மூடிய வருஷமே எடைக்குப் போயின. நாற்பத்தைந்து வருஷமாக அவர் குழாயடிக்கு அவள் வராத நேரமாகப் பார்த்துப் போனார்.

புதன்கிழமை காலை பஸ் ஏறிப் பேரூர் ரோட்டு முதியோர் இல்லத்துக்குப் போனார். அந்த நாற்பத்து மூன்றில் அவர் தேடிப் பிடிக்க முடிந்தது கிட்டம்மாள் ஒருத்திதான். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து உரித்த ஆரஞ்சைத் தின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க செகரட்டரி. இன்னும் சாகலீங்களா?"

"இல்லீங்."

"எனக்கும் வர மாட்டேங்குது. உக்காருங்க."

அவர் ஏழாம் நம்பர் அக்காவின் கதையைச் சொன்னார். டாக்கீஸில் கீரை ஆய்கிறாள் என்றபோது கிட்டம்மாள் தலையாட்டினாள். "அவ சும்மா உக்கார மாட்டா" என்றாள்.

"அவ பேரு வேணுங்."

"லட்சுமி" என்று சிரித்தாள் கிட்டம்மாள். "நாங்க அத்தனை பேரும் லட்சுமிதானுங்களே. நீங்க வெச்ச பேரு. அதுக்கப்பறம் சாகற வரைக்கும் நாங்க ஒருத்திய ஒருத்தி அப்படித்தான் கூப்புட்டுக்கிட்டோம். சரி, எம் பேரு என்னன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

"கிட்டம்மா."

"அது இப்ப வாசல்ல கேட்டுட்டு வந்தது."

அவள் ஆரஞ்சில் ஒரு சுளையைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள், அவர் வாங்கிக்கொண்டு தின்னாமல் வைத்திருந்தார்.

"ஜெயில்ல தினம் சாயந்தரம் பேர் வாசிப்பாங்க" என்றாள். "லட்சுமி, லட்சுமி, லட்சுமின்னு நாப்பத்திமூணு தரம். அந்த வார்டரம்மாளுக்கு மூச்சு வாங்கும். நாங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்போம். அவ மட்டும் சிரிக்கமாட்டா. எல்லாம் வாசிச்சு முடிஞ்சப்பறம், செவுத்தோரமா உக்காந்து, அவ பேரை அவளே மெதுவாக் கூப்புடுவா. அவளே 'இருக்கறேன்'ன்னு சொல்லிக்குவா. என்ன புள்ள இதுன்னு கேட்டா, மறந்து போயிருமோன்னு பயமா இருக்குதுங்கக்கான்னா. நான் பக்கத்துல படுத்தவ. பதினோரு நாளும் கேட்டேன்."

"அப்ப சொல்லுங்."

"சொல்றேன். நீங்க அங்க போயி என்ன பண்ணுவீங்க? நோட்டீஸு படிக்கற மாதிரி படிச்சுட்டு, கை தட்டு வாங்கிட்டு இறங்கிருவீங்க."

"இல்லீங்."

"கடுதாசியில தப்புப் பேரு எழுதுனது யாருன்னு முதல்ல சொல்லோணும். அவ எதுக்கால நின்னும் பேரைக் கேக்கலீன்னு சொல்லோணும். அப்பறம்தான் பேரு. என்ர தலைமேல கை வெச்சுச் சொல்லுங்க."

வாழ்நாளெல்லாம் சத்தியம் செய்வது மூடத்தனம் என்று மேடைகளில் பேசிய சென்னியப்பன் எழுந்து, சுளையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, கிட்டம்மாளின் மொட்டைத் தலைமேல் கை வைத்தார். அவள் அவர் காதை இழுத்துச் சொன்னாள். ஊரையும் தாயின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். பஸ்ஸில் திரும்பும்போது அவர் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி நாலாக மடித்தார். படித்துவிடலாம், கடிதத்தைப் பற்றிச் சொல்லாமலே படித்துவிடலாம், கிட்டம்மாளா வந்து பார்க்கப் போகிறாள் என்று சுந்தராபுரம் தாண்டும் வரை நினைத்துக்கொண்டே வந்தார். லைன் அவரிடம் எதையும் விட்டுவைக்கவில்லை, செகரட்டரி என்ற ஒரு சொல்லைத்தான் விட்டுவைத்திருந்தது.

வியாழக்கிழமை மேட்னிக்கு உட்கார இடமில்லை. படம் ஓடியது, நடிகர் அழுதார், அக்கா அவருக்குப் பின்னால் கீரை ஆய்ந்தாள். பெயர்கள் ஏறத் தொடங்கியதும் பேபி எழுந்தாள். அவளுக்கு முன்னால் சென்னியப்பன் கடைசி வரிசையிலிருந்து இறங்கி வந்து திரைக்கு முன்னால் நின்றார். எழுத்துகள் அவர் வெள்ளைச் சட்டைமேல் ஏறி, முகத்தைத் தாண்டிப் போயின. பக்கத்தில், அவரைவிட மூன்று மடங்கு உயரத்தில், அக்கா குடத்தோடு நின்றாள்.

"அன்பார்ந்த தோழர்களே" என்று தொடங்கினார்.

"சுருக்கமாப் பேசுங்க செகரட்டரி" என்றார் மாணிக்கவேலு. "இடுப்புல குடத்தோட நிக்கறா."

சென்னியப்பன் சுருக்கமாகப் பேசினார். வாழ்க்கையில் முதல்முறையாக, கை உயர்த்தாமல், எதிரி யாரென்று சொல்லாமல் பேசினார். எல்லோரும் லட்சுமி என்று சொல்லச் சொன்னது யார், இவள் மேசைக்கு முன்னால் நின்றபோது தலையைத் தூக்காதது யார், கடிதத்தில் இல்லாத பெயரை எழுதியது யார், திரும்பி வந்தபோது ஆபீஸில் இல்லாதது யார் என்று வரிசையாகச் சொன்னார்.

"யாரு யாருன்னா?" என்றார் மாணிக்கவேலு. "ஆளைச் சொல்லு."

அய்யாவும் இல்லை, செகரட்டரியும் இல்லை, 'சொல்லு' என்று வந்தது. சென்னியப்பன் அதைக் கேட்டார்.

"நான்தான்" என்றார்.

மன்னித்ததாக யாரும் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒருத்தி போசியின் மூடியை அழுத்தி மூடினாள். மேலே டீ கொண்டுவந்தவர் போனார், குடம் சுமக்கும் பாட்டியாக லட்சுமி போனாள், நாய் போனது. திரை வெறும் கறுப்பானது, அதில் அக்கா மட்டும் இருந்தாள். குடம் மெல்லச் சாயத் தொடங்கியது, விளிம்பில் தண்ணீர் வந்து நின்றது.

"எல்லாரும் கொஞ்சம் எந்திரிங்க" என்றார் சென்னியப்பன். "சாட்சி வேணும்."

எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்த முப்பது பேரும் எழுந்தார்கள், ஜெயபால் வாசல் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார், ரேஷன் கடைக்காரர் நின்றார், பேபி ஆதார் அட்டையை முந்தானைக்குள் முடிந்துகொண்டு நின்றாள். சென்னியப்பன் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தலையைத் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்தார். காகிதத்தைப் பிரித்து, ஷிப்டு தொடங்கும்போது மில்லில் ஆஜர் வாசிப்பது போல, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"சந்திரவிலாஸ் மில். ரீலிங் பிரிவு. டோக்கன் இருநூத்திப் பதினாலு. ஒத்தக்கால்மண்டபம் பூவாத்தாள் மகள், அங்காத்தாள்."